ரீடிங் கிளாஸுக்கு குட்பை சொல்ல 2 லட்சமா? கருவிழி இம்ப்ளான்ட் கதையில் இருக்கும் பணப்பாடம்



"அப்பாவுக்கு 52 வயசு. வாட்ஸ்அப் பார்க்கணும்னாலும் கண்ணாடியைத் தேடுறார். கண்ணுக்குள்ள சின்னதா ஒண்ணு வெச்சா கண்ணாடியே வேண்டாமாமே? இந்த வருஷ போனஸ்ல பண்ணிடலாமா?"

இப்படி ஒரு கேள்வி உங்க வீட்டுலயும் வந்திருக்கலாம். இல்லேன்னா இன்னும் கொஞ்ச வருஷத்துல வரும். நமக்கு இப்போ 27, 28 வயசு இருக்கும்போது இது தூரத்து விஷயமாத் தெரியும். ஆனா அப்பா, அம்மாவுக்காகப் பணம் எடுத்து வைக்கிற பொறுப்பு நம்மகிட்ட வந்தாச்சு. நம்ம கண்ணுக்கும் இந்தக் கட்டம் கட்டாயம் வரும். அதனால இன்னிக்கு ஷேர், மியூச்சுவல் ஃபண்டை ஓரமா வெச்சுட்டு, கருவிழிக்குள்ள வைக்கிற இம்ப்ளான்ட் பற்றிப் பேசப் போறோம்.

ஒரு புது ஃபண்டையோ ஐபிஓவையோ எப்படி ஆராய்வோமோ, அதே மாதிரிதான் இதையும் ஆராயப் போறோம். கடைசியில உங்க கையில நாலு கேள்வி இருக்கும். கண் சிகிச்சைக்கு மட்டும் இல்ல, ஆயுசு முழுக்க கூட வரும்னு சொல்லி விற்கிற எந்தப் பொருளுக்கும் அந்த நாலு கேள்வி உதவும்.

முதல்ல, வெள்ளெழுத்துன்னா என்ன?

40 வயசைத் தாண்டினதும் எழுத்து மங்குறதை நம்ம ஊர்ல வெள்ளெழுத்துன்னு சொல்வாங்க. சில வீடுகள்ல சாளேஸ்வரம்னு சொல்வாங்க. இது நோய் இல்ல. தலைமுடி நரைக்கிற மாதிரி வயசோட வர்ற மாற்றம்.

நம்ம கண்ணுக்குள்ள ஒரு இயற்கை லென்ஸ் இருக்கு. கிட்டத்தில் இருக்கிறதைப் பார்க்கும்போது அது கொஞ்சம் குண்டாகும், தூரத்தில் பார்க்கும்போது தட்டையாகும். சின்ன வயசுல இந்த லென்ஸ் மெத்துன்னு இருக்கும். வயசு ஏற ஏற இறுகிக்கிட்டே வரும். 40 முதல் 45 வயசுக்குள்ள, புத்தகம் பிடிக்கிற தூரத்துக்குக்கூட அதால வளைஞ்சு கொடுக்க முடியாது. அப்போதான் பேப்பரைக் கை நீட்டிப் பிடிச்சுப் படிக்க ஆரம்பிப்பாங்க. கொஞ்ச நாள்ல கையோட நீளமும் பத்தாது!

இது 45 வயசுல ஒரே நாளில் வந்து நின்னுடாது. 60 வயசு தாண்டும் வரைக்கும் மெதுவா கூடிக்கிட்டே போகும். பிளஸ் 1ல ஆரம்பிக்கிற பவர் பிளஸ் 2.5, பிளஸ் 3 வரைக்கும் போகும். அதுக்கப்புறம் அதே லென்ஸ் மங்கி, பலருக்குக் கண்புரை வரும். இந்த வரிசையை ஞாபகம் வெச்சுக்கோங்க. பணக்கணக்குக்கு இதுதான் அடிப்படை.

கருவிழிக்குள்ள என்ன வைக்கிறாங்க?

கண்ணோட முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கிற தெளிவான படலம்தான் கருவிழி. டாக்டர்கள் இதை கார்னியான்னு சொல்வாங்க. இதுல லேசரால ஒரு சின்னப் பை மாதிரியோ மூடி மாதிரியோ வெட்டி, அதுக்குள்ள ஒரு குட்டி வில்லையை வைப்பாங்க. பொதுவா ஒரே கண்ணில்தான் வைப்பாங்க. அதுவும் நாம அதிகமா நம்பிப் பார்க்கிற கண்ணை விட்டுட்டு, அடுத்த கண்ணில். அந்தக் கண் கிட்டத்தைப் பார்க்கும், இன்னொரு கண் தூரத்தைப் பார்க்கும். மூளை ரெண்டையும் சேர்த்துக்கும்.

அமெரிக்காவில் உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அதாவது எஃப்டிஏ, இப்படி இரண்டு வில்லைகளுக்கு அனுமதி கொடுத்தது.

1. கம்ரா. கலிபோர்னியாவின் அக்யூஃபோகஸ் கம்பெனி தயாரிச்சது. அனுமதி கிடைச்சது 2015 ஏப்ரல்ல. 3.8 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு கறுப்பு வளையம். நடுவில் 1.6 மில்லிமீட்டர் ஓட்டை.

இது எப்படி வேலை செய்யுதுன்னு வீட்டுலயே பார்க்கலாம். பழைய விசிட்டிங் கார்டுல ஊசியால ஒரு ஓட்டை போடுங்க. உங்களுக்கு மைனஸ் பவர் இருந்தா கண்ணாடியைக் கழற்றிட்டு, அந்த ஓட்டை வழியா தூரத்தில் இருக்கிற காலண்டரைப் பாருங்க. மங்கலா இருந்த எழுத்து கூர்மையாத் தெரியும். உங்க அப்பா கண்ணாடி இல்லாம அதே ஓட்டை வழியா பேப்பரைப் பார்த்தா, அவருக்கும் எழுத்து தெரியும். சின்ன ஓட்டை வழியா வர்ற ஒளி சிதறாம வரும். ஆனா இன்னொண்ணையும் கவனிச்சிருப்பீங்க. எல்லாமே கொஞ்சம் இருட்டாத் தெரியும். கம்ராவோட பலமும் பலவீனமும் இந்த கார்டுலயே இருக்கு.

2. ரெயின்டிராப். இதுவும் கலிபோர்னியா கம்பெனிதான். பெயர் ரிவிஷன் ஆப்டிக்ஸ். அனுமதி 2016 ஜூன். வெறும் 2 மில்லிமீட்டர் அகலம். பெரும்பகுதி தண்ணீரால் ஆன, சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் மாதிரியான பொருள். இதை உள்ளே வெச்சா கருவிழியோட நடுப்பகுதி லேசா மேடாகும். அந்த மேடு கிட்டத்தைப் பார்க்க உதவும்.

கேட்கவே அருமையா இருக்கு இல்ல? ரெண்டு விஷயம் இதை இன்னும் கவர்ச்சியாக்கும். பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல முடியுற சின்ன ஆபரேஷன். வேண்டாம்னா திரும்ப எடுத்துடலாம்.

70 வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற ஒரு ஐடியா

இது புது ஐடியாவும் இல்ல. 1949ல ஸ்பெயினைச் சேர்ந்த ஹோசே பர்ராக்கர் என்கிற கண் டாக்டர் கருவிழிக்குள்ள வில்லை வைக்கிற யோசனையை முன்வைத்தார். ஆரம்ப காலத்துல கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் வெச்சுப் பார்த்தாங்க. கருவிழித் திசு அதை ஏத்துக்கல.

காரணம் சுவாரஸ்யமானது. கருவிழியில ரத்தக்குழாய் கிடையாது. இருந்தா அது தெளிவா இருக்காது. அதுக்கு வேண்டிய சத்து கண்ணுக்குள்ள இருக்கிற திரவத்திலிருந்து முன்பக்கம் நோக்கி ஊறி வரணும். ஆக்சிஜன் பெரும்பாலும் கண்ணீர் வழியா வரணும். நடுவுல நீர் புகாத ஒரு தகட்டை வெச்சா என்ன ஆகும்? தகட்டுக்கு முன்னாடி இருக்கிற திசு பட்டினி கிடக்கும். அதனாலதான் பின்னாடி வந்த கம்ரா வளையத்துல 8,400 நுண்துளைகள் போட்டாங்க. ரெயின்டிராப்புக்கு நீர் ஊடுருவுற பொருளைத் தேர்ந்தெடுத்தாங்க.

அதே 1949ல லண்டன்ல ஹரோல்ட் ரிட்லி என்கிற டாக்டர் கண்புரை நோயாளிக்கு முதல்முறையா செயற்கை லென்ஸ் வெச்சார். ஆரம்பத்துல அதுக்கும் பலத்த எதிர்ப்பு இருந்தது. ஆனா இன்னிக்கு உங்க தாத்தா, பாட்டி கண்ணில் இருக்கிறது அந்த ஐடியாவோட வாரிசுதான். 1992ல தொடங்கின மதுரை அரோலேப் அந்த லென்ஸைக் குறைஞ்ச விலையில தயாரிச்சு, ஏழைகளுக்கும் எட்டுற மாதிரி பண்ணுச்சு.

ஒரே வருஷம் முளைச்ச ரெண்டு ஐடியா. ஒண்ணு உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கண்களுக்குப் போய் நிலைச்சிடுச்சு. இன்னொண்ணு அந்த அளவுக்கு இன்னும் வரல. ஆகவே "இம்ப்ளான்ட்" என்ற வார்த்தையைக் கேட்டே பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். எந்த இம்ப்ளான்ட், எத்தனை வருஷ அனுபவம் இருக்கு என்பதுதான் விஷயம்.

ரெயின்டிராப்புக்கு நடந்தது என்ன?

இந்தப் பதிவோட மையமே இதுதான். தேதிகளை வரிசையாப் பாருங்க.

- 2016 ஜூன்: எஃப்டிஏ அனுமதி. சோதனையில், வில்லை வெச்சு 2 வருஷம் கழிச்சு, அந்தக் கண்ணோட கிட்டப்பார்வை 92% பேருக்கு நல்ல அளவுக்கு இருந்தது.
- 2018 ஜனவரி: ரிவிஷன் ஆப்டிக்ஸ் கம்பெனி கடையை மூடுச்சு. அனுமதி கிடைச்சு 2 வருஷம்கூட ஆகல.
- 2018 அக்டோபர்: எஃப்டிஏ எச்சரிக்கை வெளியிட்டது. அனுமதிக்குப் பிறகு தொடர்ந்து கவனிக்கப்பட்ட 150 பேரில் 75% பேருக்குக் கருவிழியில் மங்கல் வந்திருந்தது. 42% பேருக்கு அது கருவிழியின் நடுப்பகுதியிலேயே, அதாவது பார்வை போற பாதையிலேயே வந்திருந்தது. இனி இந்த வில்லையை யாருக்கும் வைக்க வேண்டாம்னு டாக்டர்களுக்குச் சொல்லிட்டாங்க.

நியாயமாப் பார்க்கணும்னா, மங்கல் வந்த எல்லோருக்கும் பார்வை கெட்டுப் போகல. சிலருக்கு லேசா இருந்தது. சிலருக்குச் சொட்டு மருந்து தேவைப்பட்டது. சிலருக்கு வில்லையையே எடுக்க வேண்டி வந்தது. எடுத்த பிறகு எல்லோருக்கும் கண் பழையபடி முழுசா திரும்பும்னு உத்தரவாதமும் கிடையாது.

இப்போ முதலீட்டாளர் கண்ணோட்டத்துல யோசிங்க. அந்த 92% பொய்யான நம்பர் இல்ல. ஆனா அது 2 வருஷ நம்பர். வாங்கினவர் அதை 20, 30 வருஷத்துக்குக் கண்ணுக்குள்ள வெச்சிருக்கப் போறார். "கடந்த 2 வருஷத்துல 30% ரிட்டர்ன்"னு ஒரு ஃபண்டோட விளம்பரத்தைப் பார்த்தா நாம என்ன கேட்போம்? 10 வருஷ ரிட்டர்ன் எங்கே, மார்க்கெட் சரிஞ்சப்போ என்ன ஆச்சுன்னு கேட்போம் இல்லையா? ஆஸ்பத்திரி ரிசப்ஷன்ல உட்கார்ந்ததும் அந்தப் பழக்கம் நமக்கு மறந்து போயிடுது.

கம்ரா கதை வேற மாதிரி போச்சு. சின்ன ஓட்டை என்கிற அதே தத்துவத்தை, கண்புரை ஆபரேஷன்ல வைக்கிற லென்ஸுக்குள்ளேயே அக்யூஃபோகஸ் கொண்டு வந்தது. அந்த லென்ஸுக்கு 2022ல எஃப்டிஏ அனுமதி கிடைச்சது. 2023ல அந்தக் கம்பெனியை பாஷ் அண்ட் லாம் வாங்கிடுச்சு. எப்படியும் நடக்கப் போற ஆபரேஷனோட இந்த வசதியும் சேர்ந்து வர்றது கொஞ்சம் புத்திசாலித்தனமான பாதை.

நம்ம சென்னையிலயும் ஒரு முயற்சி நடந்திருக்கு. மைனஸ் பவரை எடுக்கிற ஸ்மைல் ஆபரேஷன்ல, கருவிழியிலிருந்து ஒரு மெல்லிய திசுத் துண்டை வெளியே எடுப்பாங்க. அதிலிருந்து 1 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி, வெள்ளெழுத்து இருக்கிற இன்னொருத்தர் கருவிழியில வைக்கிற முறையை டாக்டர் சூசன் ஜேக்கப் குழு 2017ல வெளியிட்டது. பெயர் பேர்ல். மனிதத் திசு என்பதால் சத்தும் ஆக்சிஜனும் தடையில்லாமப் போகும் என்பது இதோட தர்க்கம். நல்ல யோசனைதான். ஆனா முதல் அறிக்கை வெகு சிலரை மட்டுமே பற்றியது. இதைப் பற்றி யாராவது உங்ககிட்ட பேசினாலும், கீழே இருக்கிற நாலு கேள்வியைக் கேட்காம விடாதீங்க.

கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி 4 கேள்விகள்

கேள்வி 1: இப்போ இருக்கிற தீர்வோட விலை என்ன?
ரீடிங் கிளாஸ் வேலை செய்யுது. பவர் மாறினா கண்ணாடியை மாத்தினாப் போதும். பக்கவிளைவு கிடையாது. புதுத் தீர்வு இந்த மலிவான தீர்வைவிட எவ்வளவு மேலன்னு பார்க்கணும். கண்ணே தெரியாத நிலையோட ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது.

கேள்வி 2: பலன் எத்தனை வருஷம் வரும்?
வெள்ளெழுத்து 60 வயசு வரைக்கும் கூடும். அதுக்கப்புறம் கண்புரை வரலாம். கண்புரைக்கு ஆபரேஷன் பண்ணும்போது உள்ளே இருக்கிற லென்ஸையே மாத்திடுவாங்க. அப்போ 55 வயசுல கருவிழியில வைக்கிற வில்லையோட பலன் எத்தனை வருஷத்துக்கு? "உங்ககிட்ட இதைப் பண்ணவங்களோட 5 வருஷ ரிசல்ட் என்ன, எத்தனை பேரைப் பார்த்து அதைச் சொல்றீங்க?" இதை டாக்டர்கிட்ட மரியாதையாக் கேட்கலாம். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

கேள்வி 3: வெளியே வர என்ன செலவு?
ஃபண்டுல எக்ஸிட் லோட் பார்ப்போம். இங்கேயும் பார்க்கணும். "எடுத்துடலாம்" என்பதும் "எடுத்தா பழைய கண் கிடைச்சிடும்" என்பதும் ஒண்ணு இல்ல. எடுக்கிற ஆபரேஷனுக்கு யார் பணம் கட்டணும்? அதுக்கப்புறம் போடுற ஸ்டீராய்டு சொட்டு மருந்து மாசக்கணக்கில் போனா கண் அழுத்தம் கூடுற அபாயமும் உண்டு. அதைக் கண்காணிக்கிற செலவையும் சேர்த்துக்கோங்க.

கேள்வி 4: பத்து வருஷம் கழிச்சு யார் இருப்பாங்க?
ரெயின்டிராப் வெச்சவங்க 2018ல ஒரு நாள் கண் விழிக்கும்போது, கண்ணுக்குள்ள வில்லை இருந்தது, தயாரிச்ச கம்பெனி இல்ல. வாஷிங் மெஷின் கம்பெனி மூடினா வேற மெஷின் வாங்கிக்கலாம். உடம்புக்குள்ள இருக்கிற பொருளுக்கு அந்த வசதி இல்ல.

இப்போ கணக்குப் போடலாம் வாங்க

கணக்குக்காக, கண்ணாடியிலிருந்து விடுதலை தர்ற ஒரு ஆபரேஷனுக்கு 2 லட்சம் ரூபாய்னு வெச்சுக்குவோம். இது எந்த ஆஸ்பத்திரியோட ரேட்டும் இல்ல. உங்களுக்குச் சொன்ன ரேட்டை இந்த இடத்துல போட்டுக்கோங்க. வயசு 45. பலன் 60 வயசு வரைக்கும், அதாவது 15 வருஷம்.

கண்ணாடி பக்கம்:

- 2 வருஷத்துக்கு ஒரு தடவை 3,000 ரூபாய்க்குக் கண்ணாடி. 15 வருஷத்துல 8 கண்ணாடி. மொத்தம் 24,000 ரூபாய்.
- நல்ல புரோக்ரசிவ் லென்ஸ் வேணும், ஒவ்வொண்ணும் 10,000 ரூபாய்னா, மொத்தம் 80,000 ரூபாய்.

கண்ணாடிக்கான மொத்தப் பணத்தையும் முதல் நாளே தனியா எடுத்து வெச்சுட்டு, மிச்சத்தை 7% வட்டியில் 15 வருஷம் விட்டா:

- சாதாரணக் கண்ணாடி: மிச்சம் 1,76,000 ரூபாய். 15 வருஷம் கழிச்சு சுமார் 4.85 லட்சம்.
- புரோக்ரசிவ் கண்ணாடி: மிச்சம் 1,20,000 ரூபாய். 15 வருஷம் கழிச்சு சுமார் 3.31 லட்சம்.

விற்கிறவங்க இதையே வேற மாதிரி சொல்வாங்க. "2 லட்சத்தை 15 வருஷத்துக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு 37 ரூபாய்தானே சார், ஒரு டீ, ரெண்டு வடை!" கணக்கு சரிதான். ஆனா 15 வருஷமும் பலன் வந்தாத்தான் 37 ரூபாய். மூணாவது வருஷமே வில்லையை எடுக்க வேண்டி வந்தா ஒரு நாளைக்கு 183 ரூபாய். அதுக்கப்புறம் கண்ணாடிச் செலவு மறுபடியும் ஆரம்பிக்கும்.

கையில பணம் இல்லாம பர்சனல் லோன் எடுத்தா? 2 லட்சம், 14% வட்டி, 3 வருஷம். மாச இஎம்ஐ சுமார் 6,835 ரூபாய். வட்டி மட்டும் 46,000 ரூபாய். புரோக்ரசிவ் லென்ஸ் போட்ட கண்ணாடி நாலு வாங்குற காசை வட்டியாவே கட்டிட்டு வர்றோம்.

"வசதிக்கு விலை இல்லையா?"ன்னு நீங்க கேட்பீங்க. நிச்சயமா இருக்கு. அப்பாவுக்கு அது உண்மையிலேயே முக்கியம், பணமும் இருக்கு, டாக்டரும் விவரமா பதில் சொல்றார்னா அது உங்க முடிவு. கணக்குப் பார்த்துட்டு எடுக்கணும், அவ்வளவுதான் நான் சொல்றது.

இன்ஷூரன்ஸ் கட்டுமா?

பெரும்பாலும் கட்டாது. இந்திய ஹெல்த் பாலிசிகள்ல ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகளில் ஒண்ணு இருக்கு. 7.5 டயாப்டருக்குக் குறைவான பார்வைக் குறைபாட்டைச் சரிசெய்ய ஆகும் செலவு கவர் ஆகாது. வெள்ளெழுத்துப் பவர் பிளஸ் 3 பக்கத்துலேயே நின்னுடும்னு மேலே பார்த்தோம். போதிய மருத்துவ ஆதாரம் இல்லாத சிகிச்சைக்கும் தனியா ஒரு விலக்கு இருக்கு. கம்பெனி குரூப் பாலிசியில வாசகம் மாறலாம். அதனால ஹெச்ஆர்கிட்ட பாலிசி காப்பியை வாங்கிப் படிங்க, வாய்வார்த்தையை நம்பாதீங்க.

ஆனா கண்புரை ஆபரேஷன் வேற. காத்திருப்புக் காலம் முடிஞ்சா பாலிசிகள் அதைக் கவர் பண்ணும். இந்தக் காத்திருப்பு இப்போதைய விதிப்படி அதிகபட்சம் 3 வருஷம். கண்புரைக்குன்னு தனி உச்சவரம்பு வைக்கிற பாலிசிகளும் உண்டு, அதையும் பாருங்க.

அப்பாவுக்கு 52 வயசுன்னா உங்க போனஸுக்கு நல்ல இடம் இதுதான். கம்பெனி குரூப் பாலிசியை மட்டும் நம்பாம, அவங்க பேர்ல தனி பாலிசி இப்போவே எடுங்க. சுகர், பிரஷர் எல்லாத்தையும் மறைக்காம எழுதுங்க. 60 வயசுல கண்புரை வரும்போது காத்திருப்புக் காலம் என்னிக்கோ முடிஞ்சிருக்கும்.

பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு ஒரு சின்ன டிப்ஸ். 80டி பிரிவுல, மொத்த வரம்புக்குள்ள 5,000 ரூபாய் வரைக்கும் முன்னெச்சரிக்கை மருத்துவப் பரிசோதனைக்குக் கழிவு உண்டு. பெற்றோருக்குச் செய்யுற பரிசோதனையும் இதுல வரும். புது வரி முறையில இந்தச் சலுகை கிடையாது.

கண்ணாடி என்பது செலவா, முதலீடா?

அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்கள்ல 40 வயசு தாண்டின தொழிலாளர்களை வெச்சு ஒரு ஆய்வு நடந்தது. 2018ல அது வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு ரீடிங் கிளாஸ் கொடுத்தாங்க, மறு பாதிக்கு உடனே கொடுக்கல. கண்ணாடி போட்டவங்களோட கொழுந்து பறிக்கிற திறன் மத்தவங்களைவிட 21.7% கூடுச்சு. வங்கதேசத்துல கிராமத்துத் தொழிலாளர்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு 2024ல வெளியானது. கண்ணாடி கிடைச்சவங்க வருமானம் 33.4% அதிகமா இருந்தது.

சில நூறு ரூபாய்ப் பொருள் இவ்வளவு ரிட்டர்ன் கொடுக்குதுன்னா, அதுக்கு மேல எந்த ஃபண்டைத் தேடுறீங்க? நம்ம வீட்டுலயும் சுத்திப் பாருங்க. அம்மா ஊசியில நூல் கோர்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுறாங்களா? மாத்திரை அட்டையில தேதியைப் பார்க்காமலே விழுங்குறாங்களா? பேங்க் மெசேஜைப் படிக்க முடியாம ஓடிபியை யார்கிட்டயாவது காட்டுறாங்களா? கடைசியா சொன்னது நேரடியாப் பணம் போற வழி. ரெண்டு லட்சம் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கிறதுக்கு முன்னாடி, சரியான பவர்ல ஒரு கண்ணாடி அவங்ககிட்ட இருக்கான்னு பாருங்க.

லேசிக் பண்ண நினைக்கிற 25 வயசுக்காரங்களுக்கு

உங்களுக்கு மைனஸ் 2.5 பவர் இருக்குன்னு வெச்சுப்போம். கண்ணாடியைக் கழற்றினா 40 சென்டிமீட்டர் தூரம் உங்களுக்குத் தெளிவாத் தெரியும். சரியா புத்தகம் பிடிக்கிற தூரம்! 50 வயசுல உங்க நண்பர்கள் ரீடிங் கிளாஸைத் தேடும்போது, நீங்க இருக்கிற கண்ணாடியைக் கழற்றிட்டுப் படிப்பீங்க. இப்போ லேசிக் பண்ணி பவரைப் பூஜ்யம் ஆக்கினா அந்த வசதி போயிடும். 45க்கு மேல நீங்களும் ரீடிங் கிளாஸ் வரிசையில நிக்கணும்.

லேசிக் வேண்டாம்னு சொல்லல. 20 வருஷம் தூரப்பார்வைக்குக் கண்ணாடி இல்லாம இருக்கிறது பெரிய சுகம்தான். "வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியே வேண்டாம்"னு நினைச்சுப் பணம் கட்டாதீங்க. லேசிக் வெள்ளெழுத்தைத் தடுக்காது.

விளம்பரத்துக்கு ஒரு எச்சரிக்கை

2024 ஆகஸ்ட்ல பிரெஸ்வூ என்கிற சொட்டு மருந்துக்கு இந்தியாவில அனுமதி கிடைச்சது. கண்ணாடி தேவையைக் குறைக்கும்னு செய்திகள் பறந்துச்சு. அடுத்த மாசமே, அனுமதி பெறாத விதத்துல விளம்பரம் பண்ணியதா சொல்லி, மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அனுமதியை நிறுத்தி வெச்சது. மருந்து நல்லதா கெட்டதா என்பது இங்கே விஷயம் இல்ல. பரபரப்பான செய்தி வந்த வாரத்துல எந்த ஸ்டாக்கையும் வாங்க மாட்டோம் இல்ல? சிகிச்சைக்கும் அதே பொறுமை வேணும்.

சுருக்கமா, செய்ய வேண்டியவை

1. 40 தாண்டின பெற்றோரை முழுக் கண் பரிசோதனைக்குக் கூட்டிட்டுப் போங்க. பவர் மட்டும் இல்ல, கண் அழுத்தமும் விழித்திரையும் பார்க்கச் சொல்லுங்க. சுகர் இருந்தா இது கட்டாயம்.
2. சரியான பவர்ல ரெண்டு கண்ணாடி வாங்குங்க. ஒண்ணு வீட்டுக்கு, ஒண்ணு பைக்கு.
3. கண்ணாடியே பிடிக்காதுன்னா, முதல்ல கான்டாக்ட் லென்ஸ்ல ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்குன்னு சில வாரம் போட்டுப் பார்க்க முடியுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. மூளைக்கு இது ஒத்து வருதான்னு ஆபரேஷன் இல்லாமலே தெரிஞ்சிடும். பிடிக்கலேன்னா கழற்றிடலாம்.
4. ஆபரேஷன் பேச்சு வந்தா நாலு கேள்வியையும் எழுதி எடுத்துட்டுப் போங்க. வேற ஆஸ்பத்திரியில இன்னொரு டாக்டர் கருத்தையும் வாங்குங்க. "இன்னிக்கே புக் பண்ணா டிஸ்கவுன்ட்"னு சொன்னா அன்னிக்கு புக் பண்ணாதீங்க.
5. லோன் போட்டுப் பண்ணாதீங்க. வெள்ளெழுத்து அவசர சிகிச்சை இல்ல. காத்திருந்தா எந்தக் கெடுதலும் வராது. காத்திருக்கிற காலத்துல அந்தச் சிகிச்சையோட நீண்ட கால ரிசல்ட்டும் வெளியே வரும்.

ரெயின்டிராப் விஷயத்துல, 2016ல அவசரப்படாம ரெண்டரை வருஷம் காத்திருந்தவருக்கு ஆன செலவு ஒரு ரீடிங் கிளாஸ் காசு மட்டும்தான்.

இந்தக் கணக்கை உங்க நம்பர்களை வெச்சு எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல எக்செல் ஷீட்டோட காட்டியிருக்கேன், பாருங்க. உங்க அப்பா, அம்மா கண்ணாடிக்கு வருஷம் எவ்வளவு செலவாகுதுன்னு கமென்ட்ல சொல்லுங்க. இந்தப் பதிவு பணம் சம்பந்தப்பட்ட முடிவுக்கு உதவத்தான், மருத்துவ ஆலோசனை இல்ல. கண்ணைப் பற்றிய முடிவை உங்க கண் டாக்டரோட பேசி எடுங்க.

அடுத்த பதிவுல, பெற்றோருக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது விண்ணப்பத்துல எதையெல்லாம் எழுதணும்னு விரிவாப் பார்க்கலாம்.